ஒரு பின்னேரம் சாவில்லாமல்

"வாழ்த்துகள் அக்கா" என்று கொழும்பிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் சொன்னபோது நான் ஒரு மரண அறிவித்தலைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தேன். பெரியகல்லாற்றில் தோணிக்காரர் ஒருவர் காலமாகியிருந்தார். அவருடைய மருமகன் அழுகைக்கு நடுவே விவரங்களைச் சொல்லிவிட்டு அப்போதுதான் வைத்திருந்தார். அந்த அழுகை காதிலிருந்து இறங்குவதற்குள் வாழ்த்து என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

"ஆருக்குத் தம்பி வாழ்த்து? இஞ்ச ஆள் செத்திரிக்கு" என்றேன்.

 அவர் தயங்கித் தயங்கி விளங்கப்படுத்தினார். நாட்டின் சிறந்த இணையத்தளங்களுக்கு வருடாவருடம் விருது கொடுக்கிற விழாவின் ஒருங்கிணைப்பாளர் அவர். பிராந்தியச் சேவை என்ற பிரிவில் எங்கள் தளம் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டதாம். யாரோ ஒரு வாசகர் எங்களுக்குத் தெரியாமலே பெயரை அனுப்பியிருக்கிறார். "கொஞ்சம் பொறுங்க தம்பி, மறுகா எடுக்கிறன்" என்று வைத்துவிட்டு, தோணிக்காரரின் அடக்க நேரத்தையும் இடத்தையும் போட்டு ஏற்றி முடித்த பிறகுதான் அவரைத் திருப்பி அழைத்தேன். விருது காத்திருக்கும். பிணத்தைக் காத்திருக்க வைக்க முடியாது.

எங்கள் தளம் பார்வைக்கு ஒன்றுமில்லை. வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து. படம் கிடையாது, விளம்பரம் கிடையாது. மேலே அன்றைய மரணங்கள். அதற்குக் கீழே வாவி நீர் கடலுக்கு ஓட முகத்துவாரம் வெட்டியாயிற்றா இல்லையா, எந்தத் துறையில் பாதைப் படகு ஓடுகிறது, எந்த வயல்வட்டையில் வெள்ளம் நிற்கிறது என்ற செய்திகள். வெள்ளமும் படகும் கீழே இருக்கலாம். மரணம் மேலேதான் இருக்கும். பெரியகல்லாற்றிலிருந்து ஓட்டமாவடி வரைக்கும், இறந்தவர் தமிழரா முஸ்லிமா என்று பாராமல், ஒரே பக்கத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாகப் போடுகிற இடம் எனக்குத் தெரிய வேறில்லை.

வாட்ஸப் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் ஒரு குழு, ஒவ்வொரு பள்ளிவாசலுக்கும் ஒரு குழு, பழைய மாணவருக்கு ஒன்று, அதில் சண்டை பிடித்துப் பிரிந்து போனவர்களுக்கு இன்னொன்று. ஒரு குழுவில் செத்தவர் மற்றக் குழுவில் உயிரோடு இருப்பார். கல்யாண வீட்டுக்குப் போகாவிட்டாலும் செத்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று வாழ்கிற சனம் நாங்கள். பத்து வருடம் முகம் கொடுத்துப் பேசாதவரும் பிணத்தின் காலடியில் வந்து நிற்பார். அதற்கு முதலில் செய்தி தெரிய வேண்டும்.

எனக்கு இதில் சொந்தக் கோபம் ஒன்று உண்டு. நான் கட்டாரில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் அப்பா இறந்துபோனார். எனக்குச் சொல்லவில்லை. தூரதேசத்தில் தனியாக இருக்கிறாள், தாங்கமாட்டாள் என்று வீட்டார் கூடிப் பேசி மறைத்துவிட்டார்கள். நான் அழைத்தபோதெல்லாம் "அப்பா வட்டைக்குப் போயிரிக்கார்" என்றார்கள். நானும் நம்பி, வெயிலில் கூட நேரம் நிற்கவேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்த பிறகு, பக்கத்து வளவுக்காரர் ஒருவர் வாய் தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்பினால் மறைத்தார்களாம். அந்த அன்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அப்பாவுக்கு அழவேண்டிய அழுகையை, அவர் மண்ணுக்குள் போன பிறகு, அந்நிய வீட்டுக் குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் அழுதேன். யாருடைய மரணத்தையும் யாரிடமிருந்தும் மறைக்கக்கூடாது என்ற பிடிவாதம் எனக்கு அங்கேதான் பிடித்தது.

ஊர் திரும்பி மட்டக்களப்பில் ஒரு கணினி வகுப்பில் சேர்ந்தபோது பக்கத்துக் கதிரையில் இருந்தவர்தான் ஓட்டமாவடி ராத்தா. என்னைவிட மூத்தவர், கணவரை இழந்தவர், பொறுமைசாலி. முஸ்லிம்கள் அக்காவை அழைப்பதுபோல நானும் ராத்தா என்றே அழைத்துப் பழகிவிட்டேன். அவர் என்னைப் புள்ள என்பார். வகுப்பின் கடைசிப் பயிற்சிக்கு மற்றவர்கள் கேக் கடைக்கும் அலங்காரக் கடைக்கும் தளம் செய்தார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து இதைச் செய்தோம். படிப்பித்தவர் முகத்தைச் சுளித்தார், ஆனால் அவருடைய மாமா இறந்தபோது முதலில் எங்களுக்குத்தான் அழைத்தார். வயிற்றுப்பாட்டுக்கு எனக்குத் தையல் மெஷின் இருக்கிறது. தளத்தால் ஒரு சதமும் வருவதில்லை, யாரிடமும் கேட்பதுமில்லை.

எங்களுக்கென்று சில வழமைகள் உண்டு. முஸ்லிம் வீட்டு மரணம் என்றால் கையிலுள்ள எல்லாவற்றையும் போட்டுவிட்டு அதை ஏற்ற வேண்டும். ஜனாஸா சில மணித்தியாலத்தில் அடங்கிவிடும். தமிழ் வீடென்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். அடையாள அட்டையிலுள்ள பெயரை மட்டும் போட்டால் ஊரில் ஒருவருக்கும் ஆளைத் தெரியாது. என்ன தொழில், எந்த வீட்டில் கலியாணம் முடித்தவர், எந்தச் சந்திக்குப் பக்கத்தில் இருந்தவர் எல்லாம் வேண்டும். ஒவ்வொரு அறிவித்தலின் அடியிலும் ஒரே வரி இருக்கும்: பார்த்தவர் தெரியாதவருக்குச் சொல்லுங்கள். இழவு கேள்விப்பட்டவன் அதைத் தனக்குள் வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். தேத்தண்ணிக் கடையில் ஒருவன் எங்கள் பக்கத்தைத் திறந்தால் அந்தக் கடைக்கே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் மூடுவான்.

உடலைக் கண்ணால் கண்ட ஒருவர் சொல்லாமல் ஏற்றுவதில்லை என்பது இன்னொரு வழமை. அது பட்டு வந்த புத்தி. ஆரம்பத்தில் ஒருமுறை ஆள்மாறிப் போட்டு, களுவாஞ்சிக்குடியில் உயிரோடு இருந்த ஒருவரைச் சாகடித்துவிட்டோம். காலையில் அவரே அழைத்தார். "மகள், நான் செத்தத நான் அறிய வேணாமா?" என்று கேட்டார். நான் உடனே எடுத்துவிடுகிறேன் ஐயா என்றேன். "பொறு மகள், பின்னேரம் வரைக்கும் கிடக்கட்டும். ஆர் ஆர் வாறாங்க எண்டு பாப்பம்" என்றார். செத்ததாகச் செய்தி வந்தால் ஆயுசு கூடும் என்று வேறு எனக்கே ஆறுதல் சொன்னார். பின்னேரம் அவர் வீட்டு முற்றத்தில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள், மனிதர் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாராம்.

விருதுத் தம்பி மறுபடியும் அழைத்தபோது குரலில் சீனி கூடியிருந்தது.

"அக்கா, ஒரு சின்ன விசயம். விழாவில உங்கட சைட்டை லைவ்வா பெரிய ஸ்கிரீன்ல காட்டுவோம். முதல் பக்கத்தில இந்த மரண அறிவித்தல்... அது கொஞ்சம்..."

"கொஞ்சம் என்ன தம்பி?"

"மங்கள விளக்கு ஏத்துற மேடை அக்கா. அனுசரணையாளர்கள் எல்லாம் முன்னுக்கு இருப்பாங்க. விழாக் கிழமைக்கு மட்டும் மரணத்தை உள்பக்கத்துக்குத் தள்ளிட்டு, முன்னுக்கு வாவி, சூரிய உதயம், அப்படி ஏதாவது போடுவமே. நாங்களே ஒரு படம் அனுப்பிறோம்."

படம் வந்தது. சிவந்த வானம், தென்னை மரங்கள், நடுவே ஓலைக்கூரை வேய்ந்த பெரிய படகு வீடு. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அது கேரளத்துப் படகு. எங்கள் வாவியில் அப்படியொன்று மிதந்தால் இறால் வலை போட்டவர்கள் அதைக் கொளுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். எங்களுக்கு விருது கொடுக்கப் போகிறவர்கள் எங்கள் வாவியை ஒருமுறை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, உங்கட வீட்டில ஆரும் செத்தா உள்பக்கத்திலயா போடுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் பாவம், நல்ல பிள்ளை. "எனக்கு விளங்குது அக்கா. ஆனா குழு அப்படிச் சொல்லுது" என்றார். குழு என்றால் யார் என்று கேட்டேன். குழுதான் அக்கா என்றார். அப்படியானால் அந்தக் குழுவே விருதை வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். மூக்குக்கு மேலே கோபம் நிற்கிற ஆள் நான், இப்படியான இடங்களில் எனக்கு இரண்டாம் யோசனை வராது.

ஆனால் ராத்தாவுக்கு யோசிக்கக் காரணம் இருந்தது. அவருடைய காக்கா, அதாவது மூத்த சகோதரர், ஓட்டமாவடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருக்கிறார். ராத்தாவின் வீட்டுச் செலவையும் பிள்ளைகளின் படிப்பையும் பார்ப்பவர் அவர்தான். கண்ட கண்ட ஆண்கள் நேரங்கெட்ட நேரத்தில் தங்கைக்கு அழைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூடலாமா? கடைக்கு வந்த யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். "நாலு பேர் மதிக்கிற வேலையெண்டா செய். இல்லாட்டி போனைத் தந்துட்டுக் கடையில வந்து இரி" என்று சொல்லிவிட்டார்.

விருதுச் செய்தி வந்ததும் அவர் முகம் மாறிவிட்டதாம். ஆணி வாங்க வந்தவரிடமும் கம்பி வாங்க வந்தவரிடமும் சொல்லியிருக்கிறார். விருதோடு திரும்பினால் ராத்தா இந்த வேலையைத் தொடரலாம். வெறுங்கையோடு திரும்பினால் அவருடைய தொலைபேசி காக்காவின் மேசை லாச்சிக்குள் போகும். ஓட்டமாவடிப் பக்கத்து மரணங்களை என்னால் தனியாகப் பார்க்க ஏலாது, அங்கே எனக்கு ஒரு வீடும் தெரியாது. ஆகவே தளமும் பாதியாகும்.

"மௌத்தில என்ன புள்ள அபசகுனம்? எங்கட ஆக்கள் மௌத்தை மறைக்கிறல்ல" என்று ராத்தாவும் சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாமல் அந்தத் தம்பிக்கு அழைத்து ஒரு சமாதானமும் பேசிவிட்டார். முதல் பக்கத்தை மாற்றமாட்டோம். படகு வீடும் வேண்டாம். அடங்கியவர்களின் அறிவித்தலை எப்படியும் அடுத்த நாள் எடுத்துவிடுவோம். ஆகவே விழா நடக்கும் பின்னேரம் புதிதாக எதையும் ஏற்றாவிட்டால் மேல்பகுதி தானாகவே வெறுமையாக இருக்கும். விருது கொடுத்து முடிந்ததும் ஏற்றலாம். தம்பியும் சந்தோசமாகச் சம்மதித்துவிட்டார்.

"ஒரு பின்னேரம்தானே புள்ள" என்றார் ராத்தா.

"அந்தப் பின்னேரம் ஆரும் சாகாம இரிக்கோணும் எண்டு ஆரிட்டச் சொல்லி வச்சிருக்கீங்க?"

"அல்லாஹ் பாத்துக்குவான்."

 என் வீட்டில் எனக்கு யாரும் கட்டளை போடுவதில்லை. வீறாப்புப் பேசுவது எனக்கு இலகு. அடுப்பு எரிவதற்கு அண்ணனின் கையைப் பார்க்க வேண்டிய ஒருவரிடம் போய் நான் கொள்கை பேச முடியாது. ஆனாலும் உள்ளுக்குள் கொதித்தது. ஒரு பின்னேரம் என்றாலும் மறைப்பு மறைப்புத்தான். என்னிடம் மறைத்தவர்களும் ஒரு கிழமைதானே என்றுதான் நினைத்திருப்பார்கள்.

விழா நாளன்று விடியக் கொழும்பு பஸ்ஸில் ஏறினேன். ஓட்டமாவடியில் ராத்தா சோத்துப் பார்சல்களோடு ஏறிக்கொண்டார். அவருடைய காக்காவே வந்து ஏற்றிவிட்டார். யன்னலுக்குக் கீழே நின்று "பத்திரமாக் கொண்டு வாங்க" என்றார். எதை என்று சொல்லவில்லை. ராத்தா வழிநெடுக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். 

மண்டபம் ஒரு பெரிய ஹோட்டலுக்குள் இருந்தது. குளிரூட்டியின் குளிரில் எனக்குப் பல் கிட்டியது. ராத்தா முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்தினார். எங்களுக்கு வைத்திருந்த மேசை சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் கதவு திறக்க வறுத்த இறைச்சி வாசம் வந்து முகத்தில் அடித்தது. கண்டிய மேளம் அடித்து ஆடினார்கள். உச்சியில் சேவல் நிற்கும் பித்தளைக் குத்துவிளக்கைப் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக ஏற்றினார்கள், ஒவ்வொருவரும் படமெடுக்கிறவரைப் பார்த்துக்கொண்டே ஏற்றியதில் ஒருவருடைய திரி பற்றவேயில்லை. பிறகு பேச்சு. ஆங்கிலத்தில் நீளமாக, சிங்களத்தில் கொஞ்சம், தமிழில் ஒரு வணக்கம். அந்த வணக்கத்துக்கு நானும் கை தட்டினேன், வேறு எதற்குத் தட்டுவது?

தளம் செய்தவர்கள் எல்லோரும் இளம் பிள்ளைகள். அவர்களில் யாரிலும் எனக்குக் கோபமில்லை. நன்றாகச் செய்திருந்தார்கள், பறவைகளைப் பற்றிய ஒரு தளத்தைப் பார்த்து நானே வியந்துபோனேன். பிரிவு பிரிவாக விருதுகள் போயின. அடுத்தது எங்கள் பிரிவு என்று அந்தத் தம்பி தூரத்தில் நின்று கையால் காட்டினார். ராத்தா தண்ணீர்க் கிளாசை எடுத்து, குடிக்காமல் திருப்பி வைத்தார். அப்போதுதான் அவருடைய தொலைபேசி அதிர்ந்தது.

அழைத்தது அவருடைய காக்கா. தொலைபேசியில் எப்போதும் ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவரோடு பேசுவதுபோலப் பேசுகிறவர் அவர். பக்கத்திலிருந்த எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"சந்தி இடியப்பக்கார உம்மா மௌத்து. நான் இப்ப மையித்து வீட்ட நிக்கன். இஷாத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மகன் லொறியோட தம்புள்ளைக்குப் போயிரிக்கான், போன் செத்துப்போய்க் கிடக்கு. கெதியாப் போடு. றோட்டில நிக்கிற ஆரும் பாத்துச் சொல்லுவாங்க."

அந்த உம்மாவை எனக்கும் தெரியும். ஓட்டமாவடிச் சந்தியில் பஸ் மாறி ஏறிய நாட்களில் அவரிடம் இடியப்பமும் சம்பலும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். ஒரே மகன். அரிசி லொறி ஓட்டுகிறவர்.

"காக்கா, இப்ப போட ஏலா" என்றார் ராத்தா, வாயைக் கையால் பொத்திக்கொண்டு. "விருது முடியட்டும். அவங்களுக்கு வாக்குக் குடுத்திரிக்கன்."

"என்ன விருது? மையித்து வீட்டுக்க கிடக்கு. மகன் றோட்டில நிக்கான். நீ விருதப் பத்திக் கதைக்கிறியா?"

வைத்துவிட்டார். விருது இல்லாமல் வராதே என்று அனுப்பிய அதே மனிதர்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் அப்படி அடக்கிக்கொண்டு இருந்தது அந்த ஒரு தடவைதான். ராத்தா என்னைப் பார்த்து "நீ செல்லு புள்ள" என்றார். "நான் சொல்லமாட்டன் ராத்தா. வாக்குக் குடுத்தது நீங்க, வீட்ட போய் நிக்கப்போறதும் நீங்க" என்றேன். அவர் மேடையைப் பார்த்தார். அங்கே மேசையில் கண்ணாடி விருதுகள் வரிசையாக மினுங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம்தான் பார்த்தார்.

"எழுது" என்றார். "ஒரு தாயிட முகத்த மகனுக்கு மறைக்கச் செல்லி எந்தக் கிதாபிலயும் இல்ல."

அவர் சொல்லச் சொல்ல என் தொலைபேசியில் அடித்தேன். ஓட்டமாவடிச் சந்தியில் இடியப்பம் விற்ற உம்மா காலமானார். ஜனாஸா இன்று இஷாவுக்குப் பிறகு. மகன் அரிசி லொறியுடன் தம்புள்ளைப் பாதையில் இருக்கிறார், தொலைபேசி வேலை செய்யவில்லை, காண்பவர்கள் நிறுத்திச் சொல்லவும். பார்த்தவர் தெரியாதவருக்குச் சொல்லுங்கள். ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது மேடையில் எங்கள் பிரிவை அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் சேலை விற்கிற ஒரு தளத்தைத் திரையில் திறந்தார்கள். நிறம் நிறமாகச் சேலைகள் விரிந்து பறந்தன. அடுத்து எங்களுடையது. வெள்ளைச் சுவர்போல அந்தப் பெரிய திரை மாறி, அதில் கதவளவு கறுப்பு எழுத்துகளில் இடியப்பக்கார உம்மாவின் மரணம் நின்றது.

அறிவிப்பாளப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. எவ்வளவு எளிமை, எவ்வளவு அழகான எழுத்து என்று ஆங்கிலத்தில் சிரித்த முகத்தோடு சொன்னார். எல்லோரும் இதற்கொரு கரகோசம் தரலாமே என்றார். மண்டபம் கை தட்டியது. முன்வரிசையில் தமிழ் வாசிக்கத் தெரிந்த இரண்டொருவர் மட்டும் தட்டப் போன கையை மடியில் வைத்துவிட்டார்கள். அந்தக் கைதட்டல் என் நெஞ்சுக்குள் இடித்தது. அப்பா வட்டைக்குப் போயிருக்கிறார் என்று சொன்ன குரல்களும் இதுபோலச் சிரித்துக்கொண்டுதான் இருந்தன.

எழும்பி நின்றேன். எனக்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை, வட்டையில் குருவி கலைத்த தொண்டை இது.

"கை தட்ட வேணாம்" என்றேன். "அது மரண அறிவித்தல். ஒரு தாய் செத்திரிக்கா. அவட மகன் லொறியோட எங்கயோ றோட்டில நிக்கார். இன்னும் கொஞ்சத்தில அடக்கம். தம்புள்ளப் பக்கம் ஆளிரிந்தா எடுத்துச் சொல்லுங்க. இல்லாட்டி பேசாம இரிங்க."

கைதட்டல் ஒரே நேரத்தில் நிற்கவில்லை. முன்னே நின்றது, பின்னே கொஞ்சம் தொடர்ந்தது, பிறகு அதுவும் ஓய்ந்தது. முன்வரிசையில் ஒருவர் அதைச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார். வெள்ளைச் சாரமும் சட்டையும் போட்ட முதிய சிங்கள மனிதர் ஒருவர்தான் முதலில் எழும்பினார். அவர் மேசை எழும்பியது. பக்கத்து மேசை எழும்பியது. அனுசரணையாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழும்பினார்கள். நான் கவனமாகப் பார்த்தேன். மங்கள விளக்கு அணையவில்லை. கூரையும் இடிந்து விழவில்லை. ராத்தா எனக்குப் பக்கத்தில் நின்று வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார்.

யாரோ ஓடிப்போய்த் திரையை இருட்டாக்கினார்கள். அறிவிப்பாளப் பிள்ளை கையிலிருந்த அட்டைகளை மாற்றி மாற்றிப் பார்த்தது. சற்று நேரத்தில் மேளம் அடித்தது, எல்லோரும் இருந்தார்கள். நடுவர் ஒருவர் மேடையின் ஓரத்தில் குனிந்து இன்னொருவரோடு குசுகுசுத்தார். விருது சேலை விற்கிற தளத்துக்குப் போனது. ராத்தா கை தட்டினார், மனதாரத்தான் தட்டினார். மற்றப் பிரிவுகளின் விருதுகளும் சாப்பாடும் முடிந்த பிறகுதான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

வாசலில் அந்தத் தம்பி எங்களை மறித்தார். குளிரூட்டிய இடத்திலும் அவருக்கு வியர்த்திருந்தது.

"என்ன அக்கா இப்படிச் செய்திட்டீங்க? உங்களத்தான் தெரிவு செய்திருந்தாங்க. பேர் எழுதின கடுதாசிய நானே கண்டன். கடைசி நேரத்தில மாத்திட்டாங்க. கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா இப்ப உங்கட கையில இருந்திருக்கும்."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அதற்குள் ராத்தாவின் தொலைபேசி மறுபடி அதிர்ந்தது. காக்காதான். ராத்தா எடுத்தார். வெறுங்கையோடு வருகிறேன் என்று இப்போது சொல்ல வேண்டும்.

"வந்துட்டான்" என்றது அந்தப் பெரிய குரல். "மன்னம்பிட்டியில தேத்தண்ணி குடிக்க நிப்பாட்டின இடத்தில ஆரோ வாசிச்சிக் காட்டியிருக்காங்க. அவனுக்காகக் கொஞ்சம் பிந்தினம். உம்மாட முகத்தப் பாத்துட்டான். இப்ப தொழப் போறம்." அவர் மூச்சு வாங்கினார். பின்னால் பலபேர் பேசுகிற சத்தம் கேட்டது. "ஏறாவூர்ல ஒராள் நோய்வருத்தம் கடுமையாக் கிடக்காராம். அவங்கட மருமகனுக்கு உன்ட நம்பரக் குடுத்திரிக்கன். எந்த நேரம் எடுத்தாலும் பேசு."

விருதைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. ராத்தா தொலைபேசியை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது. அந்த மகன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்ற சந்தோசமும், எனக்கு அப்படியொருவர் வாசித்துக் காட்டவில்லையே என்ற ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் இன்னும் விருதிலேயே நின்றார்.

"அடுத்த வருசமும் உங்கட பேர எடுக்க விடமாட்டாங்க அக்கா" என்றார் கவலையோடு.

"அடுத்த வருசமும் ஆக்கள் மௌத்தாகத்தான் போறாங்க தம்பி" என்றார் ராத்தா. "எங்களுக்கு வேல இரிக்கி."